சுத்தமாகத் திரும்பி வந்த தட்டு

நம் தமிழ்ச் சங்க மலருக்கு "இதயத்துக்கு நல்ல பத்துச் சமையல் குறிப்புகள்" எழுதித் தரச் சொன்னார்கள். பத்துக் குறிப்பு என்னிடம் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் வேண்டும். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். வயது முப்பத்திரண்டு. சிரிக்காதீர்கள். அலிப்பூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் டயட் கிச்சனில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். போன வருஷம் அந்தக் கிச்சனையே மூடிவிட்டார்கள். இப்போது வெளியில் ஒரு கம்பெனி சமைத்து, மூடி ஒட்டிய டப்பாவில் அனுப்புகிறது. எங்கள் பதினோரு பேருக்கும் ஒரே நாளில் பிரிவு விழா வைத்து ஆளுக்கொரு சுவர்க் கடிகாரமும் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பும் கொடுத்தார்கள். அறுபது வயதில் போகிறவருக்கும் அதே கடிகாரம்தான், எனக்கும் அதே கடிகாரம்தான். அப்படியானால் நானும் ரிட்டயர்தான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அதுவும் பெங்காலிப் பள்ளி. தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. தப்பு இருந்தால் மலர்க்குழு திருத்திக்கொள்ளட்டும். ஆனால் சொல்ல வந்ததைத் திருத்த வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு ஒரு வருஷமாக ஓடுகிறது. என் அண்ணன் முப்பத்தொன்பது வயதில் மாரடைப்பில் போனான். ராஷ்பிஹாரி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினவன். காலை பதினோரு மணி, பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தாகிவிட்டது, நாலாவது சவாரிக்காகக் காத்திருந்தான். அப்படியே ஹாண்டில் மேல் சாய்ந்தான். "ஊர் முழுக்க இதயத்துக்குச் சமைச்சா. கூடப் பொறந்தவனைக் காப்பாத்த முடியல" என்றார்கள். அதைவிட மோசமாக, "நெய்யும் எண்ணெயும் இல்லாம பட்டினி போட்டே கொன்னுட்டா" என்றும் சொன்னார்கள். சொன்னவர்களில் என் அண்ணியும் ஒருத்தி.

அண்ணன் மகள் தீபாவுக்குப் பதினேழு வயது. எங்கள் அப்பா போனது நாற்பத்துநாலில். அண்ணன் முப்பத்தொன்பதில். இது ரத்தத்தோடு வருகிற கொழுப்பாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஒரு சிரிஞ்சு ரத்தம், அவ்வளவுதான். அண்ணி விடவில்லை. "என் பொண்ணையும் நோயாளி ஆக்காதே" என்று கதவைச் சாத்தினாள். அந்த ஒரு சிரிஞ்சு ரத்தத்துக்காகத்தான் இவ்வளவு நாள் எல்லோரிடமும் வாயைக் கொடுத்துக் கெட்ட பேர் வாங்கினேன். வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும்.

முதலில் கிச்சனைச் சொல்கிறேன்.

பத்தொன்பது வயதில் காய் நறுக்கச் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் இதய வார்டு தட்டுகளுக்கு மாற்றினார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு மஞ்சள் அட்டை, இதயக்காரர்களுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது, அளக்க வேண்டும். ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூன், அதன் தலையைக் கத்தியால் வழித்துவிட்டுத்தான் வாணலியில் விட வேண்டும். ரூயி மீனைப் பொரிக்காமல் கடுகு அரைத்துத் தடவி ஆவியில் வேக வைப்போம். லுச்சி என்கிற மைதா பூரிக்குப் பதில் தவிட்டோடு இருக்கிற கோதுமை ரொட்டி. காலையில் ஓட்ஸ் அல்லது பார்லி. பருப்பு நிறைய, கீரை நிறைய. வனஸ்பதி, வெண்ணெய், நெய் மூன்றும் எங்கள் கிச்சன் வாசலைத் தாண்டாது.

எங்கள் தலைமை டயட்டீஷியன் பர்ணாலி தி. தி என்றால் அக்கா. அவரும் அப்போது நாற்பதைத் தொடாதவர். கத்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். நான் எத்தனை வருஷம் சமைத்தும் "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. போகிற தட்டை அவர் பார்க்க மாட்டார். வருகிற தட்டைத்தான் பார்ப்பார். மதியம் இரண்டரைக்கு வார்டிலிருந்து எச்சில் தட்டு வண்டி இறங்கும். கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து வண்டி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு தட்டாக எடுப்பார். ஸ்பூன் காம்பால் மிச்சத்தைத் தள்ளிப் பார்ப்பார். "பதினாலாம் பெட், கீரை அப்படியே. பல் இல்லாதவரா, கேளு." "இருபது, ரொட்டி ஓரம் மட்டும். விழுங்கச் சிரமப்படுறார், சிஸ்டர்கிட்ட சொல்லு." நான் நோட்டில் எழுதுவேன். தட்டிலேயே ஒரு காகிதக் கப்பில் மாத்திரை வைத்திருப்பார்கள் நர்ஸ்கள். கடைசியில் அந்தக் கப்பையும் கவிழ்த்துப் பார்ப்பார். "கப் காலி" என்று நான் எழுதினால்தான் அந்தத் தட்டு கழுவப் போகும்.

பெங்காலிகள் வாயில் என் பேர் செல்வி வராது. "ஷெல்பி" என்றுதான் வரும். ஒரு நாள் அவர் கேட்டார், "ஷெல்பி, எந்தத் தட்டை முதல்ல பாக்கணும்?"

"நிறைய மிச்சம் இருக்கிற தட்டை, தி."

"இல்ல. மிச்சம் வச்சவங்க உண்மையைச் சொல்லிட்டாங்க. சுத்தமா வந்த தட்டைத்தான் சந்தேகப்படணும்."

நம் சாப்பாடு அவ்வளவு மட்டமா என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. புரிந்தது வைத்தியநாதன் சார் வந்த பிறகுதான்.

சால்ட் லேக்கிலிருந்து வந்தவர். பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சிவப்பு அட்டை, உப்பு பாதி. நாலு நாளாக அவர் தட்டு கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. ஆனால் கால் வீக்கம் வற்றவில்லை, எடை ஏறுகிறது. வார்டு டாக்டர் இறங்கி வந்து கிச்சன் வாசலில் நின்று, "உங்க ஆளுங்க உப்பை அள்ளிப் போடுறாங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு அவர் தட்டுக்குச் சமைத்தவள் நான்.

வண்டி இறங்கினதும் பர்ணாலி தி அந்தத் தட்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சுரைக்காயைக்கூட ஒரு துண்டு விடல" என்றார். "எங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆன முதல் வாரத்துலகூட என் சுரைக்காயை இப்படிச் சாப்பிட்டதில்ல. நீ பாரு ஷெல்பி."

பார்த்தேன். பருப்புக் கிண்ணத்தைத் தூக்கினேன். அதன் அடியில், தட்டோடு ஒட்டிக்கொண்டு, கறுப்பாகக் கருகிய ஒரு சின்னக் காம்பு. பெங்காலி கண்ணுக்கு அது கிராம்பு மாதிரி இருந்திருக்கும். எனக்குப் பார்த்ததுமே வாயில் எச்சில் ஊறியது. மோர்மிளகாய். உப்பு மோரில் ஊற வைத்து, வெயிலில் காய வைத்து, எண்ணெயில் பொரித்த மோர்மிளகாயின் காம்பு. எங்கள் கிச்சன் பிறந்த நாளிலிருந்து அங்கே நுழையாத சரக்கு.

இருவரும் ஐந்தாம் மாடிக்குப் போனோம். ஜன்னலோரம் அவருடைய சம்சாரம் உட்கார்ந்திருந்தார். நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, நம்மூர்ப் பொண்ணா! எந்த ஊர்டீம்மா?"

"லேக் மார்க்கெட் மாமி. மாமி, சாருக்கு மோர்மிளகாய் எங்கேருந்து வருது?"

மாமியின் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் போனது. போர்வைக்குப் பின்னால் துணிப்பையில் நாலடுக்கு கேரியர். தயிர்சாதம், வடுமாங்காய், பொரித்த அப்பளம், மோர்மிளகாய். கடைசி அடுக்கில் நெய்யில் மிதக்கிற ரவா கேசரி.

"கோச்சுக்காதேடீம்மா. மீன் வேகற எடத்துல சமைச்சதுன்னு அவர் வாயே வெக்க மாட்டேங்கறார். அதுவும் நாங்க சுத்த சைவம். முட்டை தொட்டவாகூட எங்காத்துல கிடையாது. எங்களுக்கு ஏது கொலஸ்ட்ரால்? அதெல்லாம் மீனும் ஆடும் திங்கறவாளுக்கு."

"அப்ப எங்க தட்டை யார் சாப்பிட்டது?"

மாமி கொஞ்சம் வெட்கப்பட்டார். "அன்னத்தைக் குப்பையில கொட்டலாமா? நான்தான் சாப்பிட்டுடறேன். பருப்பு நன்னாத்தான் இருக்கு. ஒண்ணு சொல்லட்டுமா, நாலு நாளா எனக்கு பிரஷர் நார்மல்!"

கட்டிலில் இருந்து சார் முனகினார். "அவளை டிஸ்சார்ஜ் பண்ணிடுங்கோ."

நான் பெங்காலியில் எல்லாவற்றையும் சொன்னேன். பர்ணாலி தி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நோட்டை விரித்து, கேரியரில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு மாமியிடம் சொல்லச் சொன்னார். "பசு புல்லுதான் தின்னுது, அதோட பால்லதான் நெய் வருது. சைவக் கொழுப்பும் கொழுப்புதான். உடம்பும் தன் பங்குக்கு ஈரல்ல கொழுப்பு தயார் பண்ணுது, அதுக்கு சைவம் அசைவம் தெரியாது. உப்புக்கும் தெரியாது." அப்புறம் சாரைப் பார்த்து, "இதுல எது ஒண்ணு இல்லாம உங்களால முடியாது? ஒண்ணே ஒண்ணு."

சார் கேரியரின் நாலு அடுக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "தாளிச்ச வாசனை" என்றார்.

மறுநாள் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கி எடுத்துப் போனேன். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், மீன் பக்கமே போகாத கரண்டி. பாசிப்பருப்பும் சுரைக்காயும் சேர்த்துக் கூட்டு. தலை வழித்த அரை ஸ்பூன் எண்ணெய், கடுகு, பெருங்காயம், ஒரு பிடி கறிவேப்பிலை. உப்புக் குறைந்ததை மிளகும் எலுமிச்சையும் மறைத்தன. இரண்டரைக்கு அவர் தட்டு திரும்பி வந்தது. பாதி காலி. பாதி அப்படியே.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. பர்ணாலி தி அன்றைக்குத்தான் சிரித்தார். "மிச்சம் வச்சிருக்கார் பாரு. இப்பத்தான் நம்மகிட்ட உண்மை பேச ஆரம்பிச்சிருக்கார்."

இரண்டு வாரத்தில் கால் வீக்கம் வற்றி வீட்டுக்குப் போனார். உப்பு அள்ளிப் போடுகிறோம் என்று சொன்ன அந்த டாக்டர் மன்னிப்புக் கேட்கக் கிச்சன் வாசலுக்கு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தவள் நான். பத்து வருஷம் எச்சில் தட்டு படித்தவள். இனி என் வீட்டுக் கதை.

அண்ணன் குடும்பமும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆட்டோ யூனியன் வைத்த முகாமில் அவனுக்கு ரத்தம் பார்த்தபோது கொழுப்பு எக்கச்சக்கம் என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். நான் சமையலைக் கையில் எடுத்தேன். ஸ்டாண்டில் எக் ரோலும் தேலேபாஜாவும் தின்று வளர்ந்த உடம்பு அது. தேலேபாஜா என்றால் நம் பஜ்ஜி வகைதான், காலையில் காய்ச்சிய எண்ணெயிலேயே சாயங்காலம் வரை போடுவார்கள். அதை நிறுத்தினேன். கொண்டைக்கடலை சுண்டல், கேழ்வரகு அடை, கொள்ளு ரசம், பார்லிக் கஞ்சி எல்லாம் டப்பாவில் கட்டிக்கொடுத்தேன். ஸ்டாண்டில் கூட இருந்தவர்கள் தினமும் டப்பாவைத் திறந்து பார்த்து, "தாதா, ஆஜ் கீ காஷ்?" என்று கேட்பார்களாம். இன்றைக்கு என்ன புல் என்று அர்த்தம். அண்ணன் சளைக்காமல், "நீங்க ரோல் தின்னு சாவுங்கடா, நான் உங்க ரூட்டையும் சேர்த்து ஓட்டுறேன்" என்பானாம்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர், "சாப்பாடும் மாத்திரையும் ரெண்டும் வேலை செய்யுது, ரெண்டையும் விடாதீங்க" என்றார். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் வாயில் சூடு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. "டாக்டர் அப்படித்தான் சொல்வார். மாத்திரை என்ன மாத்திரை, முழுசும் என் கை!" என்றேன். அண்ணன் சிரித்தான். "ஆமா தாயே, உன் கைதான்" என்றான்.

அப்புறம் ஒன்றரை வருஷம் அவன் டப்பா தினமும் சுத்தமாகத் திரும்பி வந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. அவன் ஏமாற்றவும் இல்லை, எல்லாவற்றையும் அவனேதான் சாப்பிட்டான், ஸ்டாண்டில் கேட்டுவிட்டேன். நான் டப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கப்பைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. வீட்டில் ஏது கப்?

காரியம் முடிந்து, ஆட்டோவை ஓனரிடம் திருப்பிக் கொடுக்கும் முன் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியை நான்தான் துடைத்தேன். அழுக்குத் துணி, ஸ்பானர், ஒரு காளி படம். அதற்குக் கீழே ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். அந்த ரிப்போர்ட்டுக்கு அப்புறம் மாதாமாதம் அண்ணி வாங்கிக் கொடுத்தவை. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பழியை அவர் தலையிலயே போடுறியா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அறை பார்த்துக்கொண்டேன். கிச்சன் மூடினதும் அந்த வருஷம்தான். டப்பா கம்பெனி என்னை வரச் சொல்லிக் கூப்பிட்டது. "தின்ன டப்பா திரும்பி வருமா?" என்று கேட்டேன். "குப்பைக்குப் போயிடும், அது எதுக்கு உங்களுக்கு?" என்றார்கள். போகவில்லை. என்னோடு வேலை பார்த்த மாம்பி இப்போது அங்கே இருக்கிறாள். "யாரு சாப்பிட்டா, யாரு சாப்பிடலன்னு ஒரு எழவும் தெரியல ஷெல்பி தி" என்று போனில் அழுகிறாள். வாயைத் திறந்து கேள் என்று சொல்லியிருக்கிறேன். வேலை போனால் போகட்டும்.

போன மாதம் அண்ணனுக்கு வருஷத் திவசம். நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை, கூடப் பிறந்தவளைக் கூப்பிட வேண்டியதும் இல்லை. படையலுக்கு உளுந்து வடையை நானே தட்டினேன். நெய்யிலேயே சுட்டேன். அண்ணியின் அண்ணன், எல்லாருக்கும் மாமா, அடுப்படிக்கு வந்து பார்த்தார்.

"என்ன செல்வி, நெய்யெல்லாம் ஓடுது? உயிரோட இருந்தப்ப ஒரு சொட்டு காட்டல."

"இனிமே அவனுக்கு எந்த நெய்யும் ஒண்ணும் பண்ணாது மாமா. வேணுங்கற மட்டும் சாப்பிடட்டும். உங்களுக்குத்தான் ரெண்டுக்கு மேல கிடையாது."

படையல் எடுத்துப் பந்தி உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் தீபா. அப்பா மாதிரியே நெற்றி. சாப்பிட்டு முடித்ததும் நான் இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அட்டையை இலை ஓரத்திலேயே வைத்தேன். வேண்டுமென்றேதான்.

மாமா விடுவாரா? "அட, இதயத்துக்குச் சமைக்கிற டாக்டரம்மாவுக்கே மாத்திரையா?"

"ஆமா மாமா. போன வாரம் ரத்தம் குடுத்தேன். அண்ணனுக்கு முதல்ல எவ்வளவு இருந்துச்சோ கிட்டத்தட்ட அவ்வளவு. பன்னெண்டு வருஷமா ஓட்ஸும் பார்லியும் தின்ன உடம்பு இது. எங்கப்பா குடுத்த ரத்தம், என்ன பண்றது?"

"அப்ப உன் சமையலால பிரயோஜனம் இல்லைன்னு ஒத்துக்கோ."

"ஒத்துக்க மாட்டேன். என் சமையல்ல ஒரு தப்பும் இல்ல. அது இல்லாட்டி இன்னும் ஏறியிருக்கும். இன்னிக்கும் அதத்தான் சாப்பிடுறேன், நாளைக்கும் அதான். தப்பு என் வாயில. மாத்திரை வேணாம், என் கை போதும்னு அவன் முன்னாடி பீத்திக்கிட்டேன். அவன் என்னை நம்பி நிறுத்திட்டான். அவன் தலையில நான் பழி போடல அண்ணி. என் தலையிலதான். அத நான் சுமந்துக்கறேன். ஆனா வாயை மூடிட்டு இருக்க மாட்டேன். இந்த வீட்டுல இன்னும் ஒருத்தி இருக்கா, அவளுக்குப் பாக்கற வரைக்கும் கத்திட்டேதான் இருப்பேன். வாசல்ல நிறுத்தினாலும் வாசல்ல நின்னு கத்துவேன்."

மாமா வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபா எழுந்து கை கழுவப் போனாள்.

இலை எடுக்க அண்ணி வந்தாள். ஒவ்வொரு இலையாக மடித்துக்கொண்டே வந்தவள் என் இலையின் முன் குனிந்தாள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். உடைந்த குழிகளை விரலால் தடவி எண்ணினாள்.

"ஆறு காலி."

"இன்னிக்கு ஆறாவது நாள் அண்ணி."

அட்டையை என் கையில் வைத்தாள். இலையை மடித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வெறும் வயித்துலதான் போகணுமா?"

"ஆமா அண்ணி."

"திங்கக்கிழமை அவளுக்கு காலேஜ் பதினோரு மணிக்குத்தான். ஏழு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போ."